உள்ளே ஒன்றுமில்லை என்று தோன்றும்போது எதை விடுவது, எதை விடக்கூடாது

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். கேட்டவர் புதுக்குடியிருப்புப் பக்கத்துத் தங்கச்சி ஒருவர். யுத்தம் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு அவருடைய அண்ணனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறார், கந்தசஷ்டி ஆறு நாளும் பால் பழத்தோடு விரதம் பிடிக்கிறார். ஆனால் ஒரு வருடத்துக்கு மேலாகச் சாமி முன்னால் நின்றால் ஒன்றும் தோன்றுவதில்லை, அழுகையும் வருவதில்லை. இணையத்தில் பேசும் ஒருவர், "இந்த வெறுமைதான் ஞானத்தின் வாசல், எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள்" என்கிறாராம். சொந்தக்காரரோ, "அண்ணனை விடுங்கள், அந்தியேட்டியைச் செய்து முடியுங்கள்" என்கிறார்களாம், அதாவது இறந்தவருக்குச் செய்யும் கிரியையை. எதை விடுவது, எப்படி விடுவது என்று கேட்கிறார்.

தங்கச்சி, இரண்டு பேர் சொல்வதையும் இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கள். உங்களுக்கு வந்திருப்பது எந்த வகை வெறுமை என்று தெரியாமல் "விடு" என்று சொல்வது, காய்ச்சல் எதனால் என்று பாராமல் மருந்து கொடுப்பதற்குச் சமம். வெறுமை என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் குறைந்தது மூன்று நிலைகள் இருக்கின்றன. மூன்றுக்கும் மருந்து வேறு. ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு நஞ்சாகும்.

முதலாவது உடம்பும் மனமும் நோயுற்றதால் வருவது. இரண்டு கிழமைக்கு மேல், கிட்டத்தட்ட நாள் முழுக்க மனம் சோர்ந்திருக்கும், அல்லது முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இருக்காது. அதோடு விடியப்புறம் மூன்று நான்கு மணிக்கே விழிப்பு வந்து பிறகு நித்திரை வராமை, சாப்பாட்டில் மனமில்லாமை, நிறை குறைதல், சின்னக் கணக்கும் மண்டையில் ஏறாமை, "நான் இருந்து என்ன பயன்" என்ற எண்ணம் ஆகியவற்றில் சில சேர்ந்திருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை ஞானத்தின் வாசல் என்று ஒருவர் சொன்னால் அவர் பாவம் செய்கிறார். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு உண்டு. போகும்போது இரத்தத்தில் ஹீமோகுளோபின், தைரொயிட், விட்டமின் பி12 மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மச்சம் மாமிசம் தொடாமல் நீண்ட காலம் விரதம் பிடிக்கும் பெண்களுக்கு இரத்தச்சோகையும் பி12 குறைவும் வருவது வழக்கம். இரண்டுமே களைப்பையும், மனம் மரத்துப்போன உணர்வையும் கொண்டுவரும். மனச்சோர்வுக்கு மருந்து தந்தால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு கிழமை செல்லும். ஒரு கிழமை குடித்துப் பார்த்து "ஒன்றும் செய்யவில்லை" என்று நிறுத்துவதுதான் ஆட்கள் அதிகம் விடும் பிழை. சுகம் கண்ட பிறகும் பொதுவாகக் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், நிறுத்துவதையும் வைத்தியர் சொல்லும் அளவில் சிறிது சிறிதாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். சாகவேண்டும் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1926 என்பது தேசிய மனநல உதவி எண். பக்கத்தில் இருப்பவரிடமும் வாய் திறந்து சொல்லிவிடுங்கள். மருந்து குடிப்பதால் பக்தி குறையாது. உடம்பு இறைவன் தந்த கருவி என்று சொல்லும் சமயம் நம்முடையது.

இரண்டாவது நிலைக்குச் சைவசித்தாந்தம் பெயர் வைத்திருக்கிறது. கேவலம், சகலம், சுத்தம் என்று ஆன்மாவுக்கு மூன்று அவத்தைகள். கேவலத்தில் ஆன்மா, ஆணவம் என்ற மலத்தின், அதாவது உயிரின் அறிவை மறைக்கும் அழுக்கின், இருளோடு மட்டும் கிடக்கும். அறியாது, விரும்பாது, செயற்படாது. சகலத்தில் மாயையின் கருவிகளான உடம்பையும் மனத்தையும் பெற்று உலகை அனுபவிக்கும். சுத்தத்தில் மலம் வலி குன்றி, அருளில் நிற்கும். கேவலத்திலும் எண்ணம் இல்லை, சுத்தத்திலும் எண்ணம் அடங்கியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், அதனால்தான் இவ்வளவு குழப்பம். மரத்துப்போன மனம் கேவலத்தின் பக்கம் சாய்ந்தது. பெரும் இழப்பையும் பயத்தையும் தாங்க முடியாதபோது மனம் தன்னைத் தானே மூடிக்கொள்ளும். அந்த நாளில் உயிரைக் காப்பாற்றிய மூடல் அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் துக்கத்துக்குக் கதவு மூடினால் மகிழ்ச்சிக்கும் பக்திக்கும் அதே கதவுதான் மூடுகிறது. சாமி முன்னால் கண்ணீர் வராததற்கு உங்கள் பக்தி கெட்டுப்போனது காரணமாக இருக்கவேண்டியதில்லை.

மூன்றாவது, பயிற்சி முதிர்ந்து வரும் வெறுமை. குளம் வற்றிய காலத்தில்தான் அணைக்கட்டையும் துருசு என்ற மதகையும் திருத்த முடியும். அப்படி, முன்பு இனித்த வழிபாட்டில் இனிப்பு அடங்கி, உள்ளே வேலை நடக்கும் காலம் ஒன்று உண்டு. இது நம் நெறியில் மட்டும் உள்ளதல்ல. முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரக் கத்தோலிக்கக் குடும்பங்களில் பங்குத்தந்தையிடம் கேட்டால், பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த சிலுவை அருளப்பர் இதை இருண்ட இரவு என்று எழுதியதைச் சொல்வார். அவர் அதற்கு மூன்று அடையாளம் வைத்தார். கடவுள் காரியத்திலும் இனிமை இல்லை, உலகக் காரியத்திலும் இல்லை. ஆனாலும் கடவுளுக்குச் சரியாகச் செய்யவில்லையே என்ற கவலை ஓயாது. முன்புபோலச் சிந்தித்துத் தியானிக்க முடியாது. மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். வெறும் சோம்பலையும் உடல்நோயையும் இதோடு கலக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு.

உங்களுடையது எது என்று கண்டுபிடிக்க ஒரு சின்னக் கொப்பி போதும். பதினான்கு நாள், பின்னேரம் விளக்கு வைத்த பிறகு நான்கு கேள்விக்கு விடை எழுதுங்கள். எத்தனை மணிநேரம் நித்திரை? எத்தனை வேளை பசியோடு சாப்பிட்டேன்? இன்று ஒருவருடைய முகத்தைப் பார்த்து அவருக்காக மனம் அசைந்ததா? என் வேலையை முடித்தேனா? நித்திரையும் பசியும் கெட்டிருந்தால் முதல் வகை, வைத்தியசாலைக்குப் போங்கள். நித்திரை, பசி ஓரளவு சரி, வேலையும் நடக்கிறது, ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை விழுந்து அழுதாலும் மனம் அசையவில்லை என்றால் இரண்டாம் வகை. மனம் வெறுமையாக இருந்தும் மற்றவரிடம் இரக்கம் கூடியிருக்கிறது, கோபம் குறைந்திருக்கிறது, வேலை பாரமில்லாமல் நடக்கிறது என்றால் மூன்றாவதாக இருக்கலாம். மனிதர் மேல் இரக்கம் கூடுகிறதா என்பதுதான் முதன்மையான சோதனை. இரக்கத்தை வற்றச் செய்யும் வெறுமையை நான் ஞானம் என்று ஏற்கமாட்டேன், அதை யார் எந்தக் காவியுடையில் நின்று சொன்னாலும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இரண்டாம் வகையும், அதில் கொஞ்சம் முதலாம் வகையும் கலந்திருப்பதாகத் தெரிகிறது. அதனால் அந்த இணையப் பேச்சாளர் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. தொண்டு செய்யும் சரியை, பூசை செய்யும் கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படி இருக்க, அவர் உங்களை நேரே நான்காம் படியில் ஏறச் சொல்கிறார். மரத்துப்போன மனத்தை வெறுமனே உட்காரவைத்து எண்ணத்தை அடக்கச் சொன்னால் அது இன்னும் மரத்துப்போகும். சிலர் அந்த மரப்பைச் சமாதி என்று நினைத்துப் பல வருடம் கழித்துவிடுவார்கள். மரத்தவருக்கு வழி கையாலும் காலாலும் தொடங்குகிறது, அதாவது சரியையால். ஏழாம் நூற்றாண்டில் அப்பர் சுவாமிகள் உழவாரம் ஏந்திக் கோயில் வீதியில் புல் செதுக்கியதைச் சரியைக்கு உதாரணமாக எல்லாரும் சொல்வார்கள். சொல்பவர்களில் எத்தனை பேர் விளக்குமாறு தொடுகிறார்கள் என்பது வேறு கதை. உங்கள் ஊர்க் கோயிலில் கிழமைக்கு இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் முக்கால் மணிநேரம், வீதி கூட்டுதல், பூக்கட்டுதல், விளக்குத் துலக்குதல் மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்குத் துலக்குவது மிக நல்லது. புளியும் சாம்பலும் விரலில் உரசும்போது உணர்ச்சி விரலுக்கு வரும், விரல் வழியாக மனத்துக்கும் வரும். மனம் வந்த பிறகு போவோம் என்று காத்திருக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று கிழமை ஒன்றும் தோன்றாது. தோன்றாமலே செய்யுங்கள். மனச்சோர்வுக்கு வைத்தியர்கள் பயன்படுத்தும் முறைகளிலும் செயலை முதலில் தொடங்கி உணர்வைப் பின்னால் வரவிடும் வழி ஒன்று உண்டு.

அடுத்தது மூச்சு. திருமந்திரத்தில் உள்ள 16, 64, 32 மாத்திரைக் கணக்கைப் பலர் கைபேசியில் பார்த்துத் தாமே தொடங்குகிறார்கள். 16 உள்ளே, 64 நிறுத்தல், 32 வெளியே என்றால் ஒரு மூச்சுக்கு 112 மாத்திரை. குருவின் கண்பார்வையில் பல வருடம் பழகியவருக்கு உரியது அது. யுத்த காலத்தில் பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் மூச்சை அடக்கிக் கிடந்த உடம்புக்கு மூச்சை நிறுத்துவதே பழைய பயத்தை எழுப்பிவிடும். நெஞ்சு படபடக்கும், கை விறைக்கும். இரத்த அழுத்தம், இதயநோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை நிறுத்தவே கூடாது. உங்களுக்கு எளிய அளவு போதும். மனத்துக்குள் நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே, நடுவில் நிறுத்தம் இல்லை. ஒரு எண்ணுக்கு ஒரு செக்கன் என்றால் ஒரு மூச்சுக்குப் பத்துச் செக்கன், நிமிடத்துக்கு ஆறு மூச்சு. முப்பது மூச்சு முடிந்தால் ஐந்து நிமிடம். உள்ளே போவதைவிட வெளியே போவது நீளமாக இருக்கவேண்டும் என்பது முக்கியம், உடம்பைத் தளர்த்துவது அந்த வெளிமூச்சுத்தான். தலை சுற்றினால் ஆழமாக இழுக்கிறீர்கள் என்று பொருள். ஆழத்தைக் குறையுங்கள், எண்ணிக்கையை மாற்றவேண்டாம்.

உட்காரும் முறையிலும் கவனம் வேண்டும். கண்ணை இறுக மூடி இருட்டில் இருக்கச் சொல்வது பொதுவான அறிவுரை. யுத்தத்தைக் கண்டவருக்கு அது பிழையான அறிவுரை. கண் மூடியதும் கண்டதெல்லாம் எழும். கண்ணைப் பாதி திறந்து, ஒன்றரை முழத் தூரத்தில் ஒரு விளக்கை வைத்து அதன் அடியைப் பாருங்கள், சுடரையே உறுத்துப் பார்க்கவேண்டாம். நிலத்தில் சப்பாணி கட்டி இருப்பது கஷ்டமென்றால் கதிரையில் இருந்து இரண்டு பாதத்தையும் தரையில் பதியுங்கள். கதவுக்கு முதுகு காட்டி இருக்கவேண்டாம். பின்னால் யாரோ வருகிறார்கள் என்ற உணர்வு பலருக்கு விடாது. மூச்சு முடிந்ததும் பஞ்சாட்சரத்தை உதடு அசைய, மெல்லிய குரலில் 108 முறை சொல்லுங்கள், ஐந்து முதல் ஏழு நிமிடம் செல்லும். மனத்துக்குள் மட்டும் சொல்வது உயர்ந்தது என்று நூல் சொல்வது உண்மைதான். ஆனால் மரத்த மனம் மௌன செபத்தில் நழுவி எங்கோ போய்விடும், குரல் அதை இழுத்துப் பிடிக்கும். வன்னி மக்களின் கூட்டு மனவடுவைப் பற்றி எழுதிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவரவர் சமயத்துச் செபத்தையும் மூச்சுப் பயிற்சியையும் மனவடு ஆற்றும் முறைகளில் சேர்த்திருக்கிறார். வேதக்காரரான கிறிஸ்தவருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர், நமக்குப் பஞ்சாட்சரம்.

செபம் முடிந்தபின் சும்மா இருக்கும் நேரம் முதல் கிழமை மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு கிழமையும் இரண்டு நிமிடம் கூட்டலாம். இருபது நிமிடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். யுத்தத்தில் கண்ட படங்கள் மனத்தில் எழுந்தால் அடக்க முயலாமல் உடனே எழும்புங்கள். கண்ணால் காணும் ஐந்து பொருளைப் பெயர் சொல்லுங்கள், கையால் நான்கைத் தொடுங்கள், காதால் மூன்று ஒலியைக் கேளுங்கள், முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடியுங்கள். பிறகு அன்றைக்குத் திரும்ப இருக்கவேண்டாம். இரவில் கெட்ட கனவு காண்பவர் இரவு எட்டு மணிக்குப் பிறகு இதைச் செய்யக்கூடாது, விடியற்காலை ஐந்து, ஐந்தரை மணி நல்லது. கோயில் திருவிழாவில் வெடி போடும் நேரம் கோயிலடியில் தியானம் வேண்டாம்.

விரதம் பற்றி ஒரு வரி. இந்த வருடம் கந்தசஷ்டிக்குப் பால் பழம் வேண்டாம், ஒருபொழுது சாப்பிட்டுப் பிடியுங்கள். மரபு அதற்கு இடம் தருகிறது. சாப்பாட்டில் ஏற்கெனவே மனமில்லாதவர் பட்டினி கிடப்பது தவம் ஆகாது.

இப்போது விடுதலுக்கு வருகிறேன். இரண்டு மூன்று மாதம் மேலே சொன்னதைச் செய்தபிறகு மரப்பு இளகும். இளகும்போது முதலில் அன்போ அமைதியோ வராது. பெரும்பாலும் கோபம் வரும். அது வரும்போது "எல்லாம் கெட்டுவிட்டது, முன்பு இருந்த நிலையே நல்லது" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக்கூடாத இடம் இதுதான். நேர்த்தி வைத்திருப்பீர்கள்: அண்ணன் வந்தால் காவடி, அண்ணன் வந்தால் பொங்கல். வருடங்கள் போயின. சாமியோடு கோபம் வராமல் இருக்குமா? கோபிப்பது பாவம் என்று அதை விழுங்கியதால் சாமியோடு பேச்சே நின்றுபோயிருக்கும். நின்றுபோன பேச்சைத்தான் பலர் ஆன்மிக வெறுமை என்று எண்ணுகிறார்கள். திருக்கேதீச்சரத்துக்குப் பதிகம் பாடிய அதே சுந்தரர், கண் இழந்து திருவாரூரில் நின்றபோது "வாழ்ந்து போதீரே" என்று சிவனையே ஏசிப் பாடினார். அது தேவாரம், கோயிலில் ஓதுகிறோம். ஆகவே ஆளில்லாத மத்தியான நேரம் பார்த்து, வாய்விட்டு, உங்கள் சொந்தச் சொல்லில் சாமியிடம் கேளுங்கள். மந்திரம் வேண்டாம், மரியாதைச் சொல்லும் வேண்டாம். கோபத்தின் அடியில் அழுகை இருக்கும், அதற்கும் அடியில் குற்றவுணர்வு இருக்கும்.

விடவேண்டிய முதற்பொருள் அந்தக் குற்றவுணர்வு. "நான் கையைப் பிடித்திருந்தால்", "அன்றைக்கு அந்தப் பாதையால் போகாமல் இருந்திருந்தால்" என்று நெஞ்சில் ஓடும் வசனங்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று நிரல் போடுங்கள்: நான் செய்தது, என்னால் முடியாமல் இருந்தது, மற்றவர்கள் செய்தது. எறிகணை எங்கிருந்து வந்தது என்பது மூன்றாம் நிரலுக்குரியது. எந்தப் பாதை பாதுகாப்பு என்று அறியமுடியாமல் இருந்தது இரண்டாம் நிரலுக்குரியது. முதல் நிரலில் பொதுவாக மிகச் சொற்பம் எஞ்சும், பல நேரம் வெறும் பயம் மட்டும் எஞ்சும். அந்தச் சொற்பத்தை மட்டும் விளக்கு முன்னால் வாசித்து, மன்னிப்புக் கேட்டு, அதற்கு ஈடாக ஒரு தருமத்தைத் தீர்மானியுங்கள்: ஒரு பிள்ளைக்குக் கொப்பி பென்சில், ஒரு வயதானவருக்கு மாதம் ஒருமுறை சாப்பாடு. உங்களால் முடிந்த அளவு, கடன்படாமல். மூன்றாம் நிரலை மன்னிக்கவோ மறக்கவோ உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

இந்த இடத்தில் கன்மம் என்ற பேச்சை எடுத்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். "அது அவருடைய வினை, நீங்கள் முற்பிறப்பில் செய்தது" என்பார்கள். சித்தாந்தத்தில் கன்மம் சடப்பொருள், தானாக வந்து யாரையும் பிடிக்காது. பயனை ஊட்டுவிப்பவன் இறைவன் ஒருவனே. ஆகவே இன்னொருவருடைய வினைக் கணக்கை வாசித்துச் சொல்ல எந்த மனிதருக்கும் அதிகாரம் இல்லை. இருவினையொப்பு, அதாவது நல்லதையும் கெட்டதையும் சமமாகக் காணும் மனம், உயிர் பக்குவப்பட்டுத் தானே வந்தடையும் நிலை. செத்தவீட்டுக்கு வந்தவர் துக்கப்படுபவர் மேல் ஏற்றும் கட்டளையாக அதை மாற்றுவது கொடுமை. அப்படிப் பேசுபவரை எதிர்த்து வாதாட வேண்டாம், எழும்பிப் போய்த் தேத்தண்ணி வையுங்கள்.

இரண்டாவதாக விடவேண்டியது, சாமியோடு வைத்த பேரம். நேர்த்தியைக் கைவிடச் சொல்லவில்லை. "வந்தால் தருவேன்" என்பதை "தருகிறேன், அவன் எங்கிருந்தாலும் காப்பாற்று" என்று மாற்றுங்கள். நிபந்தனை மட்டும் போகட்டும், வேண்டுதல் நிற்கட்டும். முல்லைத்தீவில் உள்ள வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலுக்கு ஒரு நேர்த்தியை இப்படி மாற்றி நிறைவேற்றலாம். அந்த அம்மனைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கணவனை அநியாயமாக இழந்து, அரசன் சபையில் ஏறி நியாயம் கேட்டு, கேட்டு முடித்தபின் அந்த வெம்மை தணிய நந்திக்கடலோரம் வந்து அமர்ந்தவள் கண்ணகை என்பது வன்னியின் வழிவழிக் கதை. கடல்நீரில் விளக்கெரித்து, பொங்கிப் படைத்து, அவளைக் குளிர்விக்கிறோம். குளிர்ந்த பிறகு நியாயம் கேள் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. விடுதல் என்றால் கேட்பதை நிறுத்துவது என்று யாராவது உங்களிடம் சொன்னால் அவரை வற்றாப்பளைக்குப் போய்வரச் சொல்லுங்கள். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று கேட்டுப் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாரைப் பார்த்து, பற்றை விடமுடியாதவர்கள் என்று ஆன்மிகம் பேசுபவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாய்மார் பற்றிக்கொண்டிருப்பது உண்மையை. அதை விடச்சொல்லும் சமயம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்றாவது, பொருட்கள். அண்ணனுடைய சேட்டு, சைக்கிள், பள்ளிக்கூடக் கொப்பிகள் என்று எழுதியிருந்தீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் எரிப்பதும் கொடுப்பதும் பிழை. பின்னால் வரும் ஏக்கத்துக்கு மருந்தே இல்லை. மூன்று பகுதியாகப் பிரியுங்கள்: வைத்திருப்பது, வீட்டில் பாவிப்பது, கொடுப்பது. முதல்முறை பாவிக்கும் பகுதிக்கு மட்டும் ஒன்றை மாற்றுங்கள். சைக்கிளைத் திருத்தி ஓடுவது நல்ல தொடக்கம். ஒரு மாதம் பொறுத்து, மனம் நோகாமல் இருந்தால் அடுத்தது. அம்மா உயிரோடு இருக்கும்வரை அவருடைய சம்மதமில்லாமல் ஒரு சேட்டுத் துண்டுகூட வெளியே போகக்கூடாது. மே மாதத்திலும், அண்ணன் பிறந்த மாதத்திலும் இந்த வேலையைத் தொடவேண்டாம். அந்தக் கிழமைகளில் உடம்பே நினைவுகூரும். காரணமில்லாமல் நித்திரை கெடும், வயிறு குழம்பும். அது பயிற்சி தோற்றதன் அடையாளம் இல்லை. மே மாதத்தில் தனியே இருக்காமல், அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் சேர்ந்த முள்ளிவாய்க்கால் கஞ்சியை யுத்தத்தில் இறந்தவர்களின் நினைவாகக் காய்ச்சிக் கொடுக்கும் இடத்தில் கையுதவிக்கு நில்லுங்கள்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆச்சிரமத்துக்குப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமிகள் இளவயதில் கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தலத்தில் களஞ்சியப் பொறுப்பில் இருந்தவர். நாள் முழுக்கச் சாமான் கணக்குப் பார்த்துக்கொண்டே சாதனை செய்தார். வேலையை விட்டது பிறகு, நல்லூர்த் தேரடியில் தன் குருவான செல்லப்பா சுவாமிகளைக் கண்டபின். 1964 இல் சமாதியடையும்வரை கொழும்புத்துறைக் கொட்டிலில் தன்னைத் தேடி வந்த எல்லாருடைய துன்பத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். வேலையும் வீடும் பழுத்துக் கழன்றால் கழலட்டும். வலியிலிருந்து தப்பப் பிடுங்கினால் வலி உங்களோடு ஆச்சிரமத்துக்கு வரும்.

குரு தேடினால் நான்கு பேரிடமிருந்து விலகுங்கள்: மருந்தை நிறுத்தச் சொல்பவர், குடும்பத்தை வெட்டச் சொல்பவர், தனியறையில் வரச் சொல்பவர், காணாமற்போனவர் இருக்கிறாரா இல்லையா என்று குறி சொல்லிக் காசு வாங்குபவர். கடைசி வகையினர் வன்னியில் செய்த நாசம் கொஞ்சமல்ல. "வடக்குத் திசையில் இருக்கிறார், இன்னும் ஒரு மண்டலத்தில் வருவார்" என்ற ஒரு வாக்கு, ஆறத்தொடங்கிய காயத்தைத் திரும்பக் கிழித்துவிடும். காப்பை விற்றுக் கொடுத்த தாய்மார் பலர். கோயிலில் நம்பிக்கையோடு பூக்கட்டிப் பார்ப்பதைக்கூட இந்த விடயத்தில் தவிர்க்கச் சொல்வேன்.

கடைசியாக அந்தியேட்டி. அந்தியேட்டி இறந்தவருக்கு உரிய கிரியை, நம் வழக்கில் முப்பத்தோராம் நாள் செய்வது. இறந்தார் என்று அறியாதவருக்கு அதைச் செய்யவேண்டிய கடன் உங்களுக்கு இல்லை. செய்யாததால் தோசம் வரும் என்று பயப்படுத்துபவர்களுக்குச் செவிகொடுக்க வேண்டாம். அண்ணனுடைய பெயரும் நட்சத்திரமும் சொல்லி, இருப்பவருக்குச் செய்வதுபோல அர்ச்சனை செய்யுங்கள். பிறந்தநாளில் ஒரு பிள்ளைக்குச் சாப்பாடு கொடுங்கள். காணி, வங்கிக் கணக்கு போன்ற காரியங்களுக்காகத்தான் சொந்தக்காரர் அவசரப்படுத்துகிறார்கள் என்றால், இறந்தார் என்று பதியாமல், காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் பதியும் சான்றிதழுக்கு 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழி வைத்திருக்கிறது. பிரதேச செயலகத்தில் கேட்கலாம். பல குடும்பங்கள் அதையும் வேண்டாம் என்கின்றன, அதுவும் அவர்களுடைய உரிமை. என்றைக்காவது அம்மாவே, யாரும் தூண்டாமல், "பிள்ளைக்குச் செய்வோம்" என்று வாய்திறந்தால் அப்போது குருக்களிடம் போங்கள். உடல் கிடைக்காதவருக்குத் தருப்பையால் உரு அமைத்துச் செய்யும் முறை கிரியை மரபில் இருக்கிறது. அவர் வாய்திறக்காவிட்டால் அந்தப் பேச்சை வீட்டில் எடுக்கவே வேண்டாம், எடுப்பவர்களையும் நீங்களே தடுத்துவிடுங்கள்.